பழைய ஒஸ்ரின் பிக்கப் ஸ்ராட் எடுக்கேல்லையோ? கொயில் வாங்கப் போக முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

போன மாரிக்குள்ள மூண்டு கிழமை எங்கட ஒஸ்ரின் ஏ40 பிக்கப் பத்திக்குள்ளயே நிண்டது. முதல் நாள் பின்னேரம் வரைக்கும் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏத்திப் போய் வந்த வாகனம், அடுத்த நாள் காலமை ஸ்ராட்டரை இழுத்தால் எஞ்சின் நல்லாச் சுத்துது, ஆனா ஒரு வெடி கூட வெடிக்கேல்லை. நான் என்ன செய்தன் எண்டால் கொயில் (பற்றரியின்ர 12 வோல்ட்டைப் பொறி பாயிற அளவுக்குக் கூட்டிற சாமான்) வாங்கிப் போட்டன், எடுக்கேல்லை, கொண்டென்சர் (பொயின்ற்றில நெருப்பு அடிக்காமத் தடுக்கிறது) மாத்தினன், எடுக்கேல்லை, பேந்து பொயின்ற் (கொயிலுக்குப் போற கரண்டைத் திறந்து மூடிற சின்னச் சுவிச்), பேந்து டிஸ்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பிரிச்சு அனுப்புறது) மூடி, இப்பிடியே காசு போச்சு. கடைசியாப் பிழை எங்க கிடந்ததெண்டால் டிஸ்ரிபியூட்டருக்குள்ள பொயின்ற்றுக்குப் போற ஒரு விரல் நீளம் கூட வராத வயர், வெளித்தோல் வடிவா இருக்கு, உள்ளுக்க செம்பு அறுந்து போச்சு. அதோட நான் புதுசா வாங்கிப் போட்ட கொண்டென்சரும் செத்தது, கழட்டி எறிஞ்ச பழசுதான் நல்லது. அதாவது ஒரு பிழையோட நிண்ட வாகனத்தை நானே ரெண்டு பிழையோட ஆக்கிப் போட்டன்.

அதைக் கண்டுபிடிச்சுத் தந்தது ஒரு பழைய சைட் லைற் பல்ப்பும் ரெண்டு துண்டு வயரும்தான். அதாலதான் இதை எழுதுறன். அப்பப்பாவின்ர வாகனம், பெரியப்பாவின்ர வாகனம் எண்டு இப்ப கன பொடியள் பழசுகளைத் திரும்ப எடுத்து ஓடப் பாக்கினம், பாக்க சந்தோசமா இருக்கு. ஆனா எடுக்கேல்லை எண்ட உடன சாமான் மாத்தத் தொடங்காதேங்கோ. பற்றரியில இருந்து பிளக் வரைக்கும் கரண்ட் நடந்து போற பாதை ஒண்டு இருக்கு, அது எந்த இடத்தில நிக்குது எண்டு முதல் பிடியுங்கோ. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் தொடுங்கோ.

ஏ40 டெவன் 1947 இல வந்தது, சமர்செற் 1952 இல, ரெண்டும் 1200 சிசி நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். பிக்கப்பும் வானும் அதே எஞ்சின்தான். 90களில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில ஓடி, ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரரையும் சந்தைக்கு மரக்கறியையும் கொண்டு போனதுகள் இந்த ஏ40, மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் மாதிரி வாகனங்கள்தான். அதுகளுக்கு நாங்கள் குடுக்க வேண்டிய மரியாதை, பொறுமையாப் பாத்துத் திருத்திறது. கீழ சொல்லுறது பொயின்ற் வைச்ச எந்தப் பழைய பெற்றோல் வாகனத்துக்கும், பெற்றோல் எஞ்சின் போட்ட லொறிக்கும் பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும்.

தொடங்க முதல்

நியூட்ரலில விடுங்கோ, ஹாண்ட் பிரேக் போடுங்கோ, சில்லுக்குக் கல்லு வையுங்கோ. எஞ்சினுக்குப் பக்கத்தில பெற்றோல் போத்தல் ஒண்டும் இருக்கக் கூடாது, ஏனெண்டால் நாங்கள் நெருப்புப்பொறி பறக்க வைச்சுத்தான் பாக்கப் போறம். மோதிரம், கைச்சங்கிலி கழட்டி வையுங்கோ.

தேவையான சாமான் கொஞ்சம்தான். 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒண்டை ஹோல்டரோட எடுத்து ரெண்டு நீள வயர் பிடிச்சு நுனியில கிளிப் போடுங்கோ, அதுதான் எங்கட ரெஸ்ற் லாம்ப். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்), மெல்லிய சான்ட் பேப்பர், பிடியில பிளாஸ்ரிக் போட்ட குறடு, ஸ்குறூ டிரைவர், பிளக் ஸ்பனர், சுத்தமான சீலைத்துண்டு. மல்ரிமீற்றர் இருந்தால் நல்லம், இல்லாட்டியும் காரியமில்லை.

இன்னொண்டு. இந்த வாகனங்கள் பொசிட்டிவ் ஏர்த். பற்றரியின்ர பொசிட்டிவ் பக்கம்தான் பொடிக்குப் போகும், நெகற்றிவ்தான் வயர் வழியா வரும். இப்பத்தைய வாகனம் பழகின ஆக்கள் பற்றரியை மாறிக் கொழுவிறது இஞ்ச கனக்க நடக்குது. உங்கட வாகனத்தை ஆரும் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாத்தி வைச்சிருக்கினமோ எண்டும் பாருங்கோ, பொடிக்குப் போற தடிச்ச வயர் எந்தக் கொம்பில இருக்கெண்டு பாத்தால் விளங்கும்.

சுத்துதோ, சுத்தேல்லையோ

ஸ்ராட்டரை இழுத்தால் எஞ்சின் சுத்தவே இல்லையெண்டால் பற்றரி, பற்றரிக் கொம்பில பூத்துக் கிடக்கிற வெள்ளைப் பவுடர், எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையில போற ஏர்த் பட்டி, இந்த மூண்டையும் பாருங்கோ. ஏர்த் பட்டியைக் கன பேர் மறக்கிறவை. கறள் பிடிச்சிருந்தால் கழட்டி மினுங்கச் சுரண்டிப் பூட்டுங்கோ. ஸ்ராட்டர் பல்லு இறுகிக் கொண்டால் ஒரு 'டொக்' சத்தத்தோட நிக்கும், திறப்பை ஓஃப் பண்ணி, சில்லுக்கு வைச்ச கல்லையும் ஹாண்ட் பிரேக்கையும் எடுத்து, ரொப் கியரில போட்டு வாகனத்தை முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டினால் விட்டிடும்.

மெதுவா, இழுத்து இழுத்துச் சுத்துதெண்டால் அதையும் இக்னிஷன் பிழை, அதாவது பொறி வாற பக்கத்துப் பிழை எண்டே எடுங்கோ. முழுசாச் சார்ஜ் ஏறின பற்றரி 12.6 வோல்ட் கிட்ட நிக்கும், ஸ்ராட்டர் இழுக்கேக்க பத்துக்குக் கீழ நல்லா விழுந்தால் கொயிலுக்குப் போற கரண்டும் காணாது, பொறி பலமா வராது. தள்ளினால் எடுக்குது, ஹாண்டில் அடிச்சால் எடுக்குது, ஸ்ராட்டரில மட்டும் எடுக்காது எண்டால் அனேகமா இதுதான் காரணம். ஹாண்டில் அடிக்கிற ஆக்கள் ஒண்டு ஞாபகம் வையுங்கோ, பெருவிரலைச் சுத்திப் பிடிக்கக் கூடாது, மற்ற விரலுகளோட ஒரே பக்கத்தில வைச்சுக் கீழ இருந்து மேல இழுக்கோணும். மேல இருந்து கீழ அமத்தினால், திருப்பி அடிக்கேக்க கை முறியும்.

நல்லாச் சுத்துது ஆனா பிடிக்கேல்லையெண்டால் அடுத்ததுக்கு வாங்கோ.

பிளக்கில பொறி இருக்கோ

ஒரு பிளக்கைக் கழட்டுங்கோ. முதல் அதின்ர முகத்தைப் பாருங்கோ. பெற்றோலில நனைஞ்சு மணக்குதெண்டால் பெற்றோல் வருது, எரியேல்லை, அது இக்னிஷன் பக்கம். காஞ்சு போயிருந்தால் பெற்றோல் பக்கம் பாக்கோணும். கரிபிடிச்சுக் கறுப்பாக் கிடந்தால் சுத்தம் செய்து 0.025 இஞ்சி இடைவெளி வையுங்கோ. மண்ணெண்ணெய் கலந்து ஓடுற வாகனமெண்டால் இந்தக் கரி கெதியாப் பிடிக்கும், சில நேரம் பிளக்கைத் துடைச்சுப் போட்டாலே வேலை முடிஞ்சுது.

பேந்து பிளக்கை அதின்ர வயரில கொழுவி, இரும்புப் பக்கத்தை எஞ்சினில முட்ட வைச்சு, குறட்டால பிடிச்சுக்கொண்டு இன்னொராளை ஸ்ராட்டர் இழுக்கச் சொல்லுங்கோ. கழட்டின ஓட்டைக்குக் கிட்ட வைக்காதேங்கோ, அதுக்குள்ளால பெற்றோல் புகை வெளிய வரும். இதை முற்றத்து வெயிலில நிண்டு செய்யாதேங்கோ. எங்கட பன்னிரண்டு மணி வெயிலுக்க நல்ல பொறி கூடக் கண்ணுக்குத் தெரியாது, பொறி இல்லையெண்டு நினைச்சுக் கொயிலை மாத்தின ஆக்களை எனக்குத் தெரியும். மாமரத்துக்குக் கீழ கொண்டு போங்கோ, இல்லாட்டி மேல சாக்கொண்டைப் பிடியுங்கோ. நீலமா, 'டிக் டிக்' எண்ட சத்தத்தோட பாஞ்சால் நல்ல பொறி. மஞ்சளா, மெல்லிசா, சத்தமில்லாம வந்தால் பலமில்லை, கொண்டென்சரையோ கொயிலையோ சந்தேகப்படலாம். ஒண்டுமே இல்லையெண்டால் அடுத்ததுக்குப் போங்கோ.

கொயிலில இருந்து டிஸ்ரிபியூட்டர் மூடியின்ர நடுவுக்கு வாற தடிச்ச வயரை மூடிப் பக்கத்தால இழுங்கோ. நுனியை எஞ்சின் இரும்பில இருந்து ஒரு கால் இஞ்சி தள்ளிக் குறட்டால பிடியுங்கோ. மூடியைக் கழட்டி, பொயின்ற் மூடி இருக்கிற மாதிரி எஞ்சினைச் சுத்தி நிப்பாட்டி, திறப்பைப் போட்டு, காஞ்ச மரக்குச்சியால பொயின்ற்றைத் தட்டித் திறவுங்கோ. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொறி பாயோணும். இஞ்ச பொறி இருக்கு, பிளக்கில இல்லையெண்டால் பிழை மூடி, ரோட்டர் (மூடிக்குள்ள சுத்திற துண்டு), பிளக் வயர் மூண்டுக்குள்ள. இஞ்சயும் இல்லையெண்டால் கொயிலில, இல்லாட்டி அதுக்கு முன்னுக்கு, அதாவது 12 வோல்ட் பக்கத்தில. இந்த ஒரு சோதனை பாதையை ரெண்டாப் பிரிச்சுத் தரும், பாதி வேலை இதோட முடிஞ்சுது.

பல்ப்பை வைச்சுப் பிழை பிடிக்கிறது

என்ர மூண்டு கிழமையை மிச்சம் பிடிச்சிருக்கக்கூடிய இடம் இதுதான், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன்.

லூக்காஸ் (இந்த வாகனங்களுக்கு மின்சாமான் செய்த கொம்பனி) கொயிலில ரெண்டு சின்னக் கொம்பு இருக்கும், ஒண்டில எஸ்டபிள்யூ எண்டும் மற்றதில சிபி எண்டும் போட்டிருக்கும். எஸ்டபிள்யூ சுவிச்சில இருந்து வாறது, வெள்ளை வயர். சிபி டிஸ்ரிபியூட்டருக்குப் போறது, வெள்ளையில கறுப்புக் கோடு, பழைய வயரெண்டால் நிறம் ஒண்டும் விளங்காது. பல்ப்பின்ர ஒரு வயரைப் பொடியில மினுங்கிற இரும்பில கொழுவுங்கோ, பெயின்ற்றுக்கு மேல கொழுவினால் எரியாது.

திறப்பைப் போட்டு மற்ற நுனியை எஸ்டபிள்யூவில வையுங்கோ. பல்ப் எரியோணும். எரியேல்லையெண்டால் பிழை கொயிலுக்கு முன்னுக்கு, சுவிச்சும் வயரும்தான். எலி கடிச்ச வயர், தளர்ந்த நட், திறப்புச் சுவிச்சுக்குள்ள கறள். உறுதிப்படுத்த பற்றரியின்ர பொடிக்குப் போகாத கொம்பில இருந்து எஸ்டபிள்யூவுக்கு நேர ஒரு வயர் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ, எடுத்தால் பிழை அந்தப் பாதையில. இப்பிடிக் கொழுவினால் திறப்பை ஓஃப் பண்ணினாலும் எஞ்சின் நிக்காது, அந்த வயரைக் கழட்டினாத்தான் நிக்கும்.

எஸ்டபிள்யூவில எரிஞ்சால் அடுத்தது சிபி. பல்ப்பை அதில வைச்சுக்கொண்டு எஞ்சினைக் கையால மெதுவாச் சுத்துங்கோ. பொயின்ற் திறக்கேக்க எரியோணும், மூடேக்க அணையோணும். எரியுது அணையுது, எரியுது அணையுது எண்டு போனால் 12 வோல்ட் பக்கம் அனேகமா சரி.

அணையவே இல்லை, எப்பவும் எரியுதெண்டால் கரண்ட் பொயின்ற் வழியா ஏர்த்துக்குப் போகேல்லை எண்டு அர்த்தம். பொயின்ற் முகத்தில கறள் இருக்கலாம், பொயின்ற் மூடாம இருக்கலாம், உள்ளுக்க இருக்கிற தட்டின்ர ஏர்த் வயர் அறுந்திருக்கலாம், இல்லாட்டி எங்கட பிக்கப் மாதிரி உள் வயர் அறுந்திருக்கலாம். அதை எப்பிடிப் பிடிச்சனான் எண்டால், பொயின்ற்றைத் திறந்து விட்டுப் பல்ப்பை டிஸ்ரிபியூட்டரின்ர வெளிக் கொம்பில வைச்சன், எரிஞ்சுது. உள்ளுக்க ஆடுற பொயின்ற் கையில வைச்சன், எரியேல்லை. இடையில இருந்தது அந்தச் சின்ன வயர் மட்டும்தான். கழட்டி ரெண்டு நுனியையும் பிடிச்சு இழுத்தன், தோல் ரப்பர் மாதிரி நீண்டு கொண்டு வந்துது, உள்ளுக்க செம்பு இருந்தால் அப்பிடி நீளாது. அந்தத் தட்டு ஒவ்வொரு முறையும் ஆட அந்த வயரும் சேந்து மடியுது, வருசக்கணக்கா மடிஞ்சு அறுந்திட்டுது. மாத்தேக்க நல்லா வளையிற, கன மெல்லிய இழை வைச்ச வயர்தான் போடோணும், வீட்டு லைற்றுக்குப் போடுற விறைச்ச வயர் போட்டால் கொஞ்ச நாளில திரும்ப அறும்.

எரியவே இல்லையெண்டால் மற்ற மாதிரி. சிபியில இருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போற வயரைக் கழட்டிப் போட்டுத் திரும்ப சிபியில வையுங்கோ. இப்ப எரிஞ்சால் கொயில் நல்லம், டிஸ்ரிபியூட்டருக்குள்ள எங்கயோ ஏர்த் முட்டுது. பொயின்ற் திறக்காம இருக்கலாம், கொண்டென்சர் ஷோட் ஆகியிருக்கலாம், இல்லாட்டி பொயின்ற் பூட்டேக்க அந்தச் சின்னப் பிளாஸ்ரிக் வாஷரை மாறிப் போட்டிருக்கலாம். வயரும் கொண்டென்சரும் ஸ்பிரிங்கும் ஒண்டோட ஒண்டு முட்டோணும், ஆனா அந்த மூண்டும் நடு ஆணியிலயோ தட்டிலயோ முட்டக் கூடாது. கழட்ட முதல் ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ. வயரைக் கழட்டியும் எரியேல்லையெண்டால் கொயிலுக்குள்ள அறுந்து போச்சு, இப்பத்தான் கொயில் வாங்கலாம்.

பொயின்ற், கொண்டென்சர், கொயில்

காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை மாதிரிக் கடற்கரை ஊருகளில ரெண்டு மாசம் சும்மா நிண்ட வாகனமெண்டால் முதல் சந்தேகம் பொயின்ற். உப்புக் காத்துக்கு முகம் மங்கிப் போகும். சான்ட் பேப்பரை மடிச்சு இடையில விட்டு ரெண்டு மூண்டு தரம் மெல்ல இழுங்கோ, பேந்து வெள்ளைக் கடதாசியை விட்டு இழுங்கோ, கடதாசியில கறுப்பு வராத மட்டும். புதுப் பொயின்ற்றிலயும் கறள் பிடிக்காம எண்ணெய் பூசியிருப்பினம், துடைக்காமப் போட்டால் எடுக்காது.

இடைவெளி வைக்கிறது பொயின்ற் கால் கேமின்ர (பொயின்ற்றைத் தள்ளித் திறக்கிற, தண்டில உள்ள மேடு) ஆக உச்சியில நிக்கேக்க. லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர் கனக்கத்துக்கு 0.014 முதல் 0.016 இஞ்சி, கேஜ் மட்டுமட்டா உரசிப் போகோணும். ஆணியை இறுக்கினாப் பிறகு திரும்ப அளந்து பாருங்கோ, இறுக்கேக்க அரக்கிப் போடும். கேமில துளி கிறீஸ், அரிசியளவு காணும், கூடினால் தெறிச்சுப் பொயின்ற்றில படும்.

கொண்டென்சருக்கு வீட்டில வடிவாச் சோதினை இல்லை, நல்லதெண்டு தெரிஞ்ச ஒண்டை மாத்திப் போட்டுப் பாக்கிறதுதான். பொயின்ற் திறக்கேக்க உள்ளுக்க பெரிசா நெருப்பு அடிக்குது, பிளக்கில மஞ்சள் பொறி வருது எண்டால் அதுதான். டிஸ்ரிபியூட்டரைக் குடையாம வெளியாலயும் பாக்கலாம், பழசின்ர வயரைக் கழட்டி விட்டு, வேற கொண்டென்சர் ஒண்டின்ர வயரைச் சிபியிலும் உடம்பைப் பொடியிலும் கொழுவி இழுத்துப் பாருங்கோ. இப்ப வாற புதுசுகள் எல்லாம் நல்லதெண்டு நம்பாதேங்கோ. ஓடிக்கொண்டிருந்த வாகனத்தில கழட்டின பழைய கொண்டென்சரை எறியாதேங்கோ, சீலையில சுத்தி டாஷ்போட்டுக்குள்ள வையுங்கோ.

கொயில் 12 வோல்ட்டுக்கு உரியதெண்டால் சின்னக் கொம்பு ரெண்டுக்கும் இடையில 3 ஓம் கிட்டக் காட்டும். ஒண்டரை ஓம் காட்டினால் அது ரெசிஸ்ரரோட போடுற கொயில், நேர போட்டால் பொயின்ற் எரிஞ்சு போகும். புதுக் கொயிலில எஸ்டபிள்யூ, சிபிக்குப் பதிலா பிளஸ், மைனஸ் போட்டிருக்கும், பொசிட்டிவ் ஏர்த் வாகனத்தில பிளஸ் பக்கம்தான் டிஸ்ரிபியூட்டருக்குப் போகோணும். மாறிக் கொழுவினாலும் ஓடும், ஆனா பொறி பலம் குறையும். கொடிகாமம் வரைக்கும் நல்லா ஓடி, சூடேற நிண்டு, அரை மணித்தியாலம் ஆறினாப் பிறகு திரும்ப எடுக்குதெண்டால் கொயில் இல்லாட்டி கொண்டென்சர் சூட்டில விடுது. திறப்பைப் போட்டபடி எஞ்சின் ஓடாம விட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதேங்கோ, பொயின்ற் மூடின நிலையில நிண்டால் கொயில் கொதிக்கும்.

மூடி, ரோட்டர், வயர் ஒழுங்கு

ஐப்பசி, கார்த்திகை மழைக்க எடுக்காத வாகனங்களில கன பேருக்கு வாற பிழை ஈரம்தான். மூடியைக் கழட்டி உள்ளயும் வெளியயும் சீலையால துடைச்சு, காய வைச்சுப் போடுங்கோ. உள்ளுக்க பென்சிலால கீறின மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிஞ்சால் அது வெடிப்பு, பொறி அதில ஓடிப் போகுது, மூடி மாத்தத்தான் வேணும். நடுவில இருக்கிற கரித்துண்டு ஸ்பிரிங்கில உள்ள போய் வெளிய வரோணும், அது விழுந்து காணாமப் போன மூடிகளும் இருக்கு.

ரோட்டருக்கு ஒரு சோதினை. மூடியில்லாம, கொயிலின்ர தடிச்ச வயர் நுனியை ரோட்டரின்ர நடுப் பித்தளைக்கு மேல நூலிடை தள்ளிப் பிடிச்சுப் பொயின்ற்றைத் தட்டுங்கோ. பொறி ரோட்டருக்குப் பாயக் கூடாது. பாஞ்சால் ரோட்டர் உள்ளுக்க ஓட்டையாகித் தண்டுக்குப் போகுது, கண்ணால பாத்தால் புதுசு மாதிரியே இருக்கும்.

ஏ40 இன்ர ஒழுங்கு 1-3-4-2. ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதெண்டு கண்ணால பாத்து அந்தப் பக்கமா எண்ணுங்கோ. முதலாவது சிலிண்டர் ரேடியேற்றர் பக்கம். அந்தப் பிளக்கைக் கழட்டி விரலால ஓட்டையைப் பொத்திக்கொண்டு கையால சுத்தினால், காத்து விரலைத் தள்ளிற நேரம் பிஸ்ரன் மேல வருது, அது மேல வந்து நிக்கேக்க ரோட்டர் காட்டுற கொம்பில முதலாவது வயர் இருக்கோணும். எதிர்ப்பக்கம் காட்டினால் வயரெல்லாம் மாறிக் கிடக்கு. பொறி நல்லா இருந்தும் காபரேற்றரால திருப்பி வெடிச்சால் முதல் பாக்க வேண்டியது இதைத்தான்.

டைமிங் (பொறி பாயிற நேரம்) பாக்கவும் அதே பல்ப் காணும், சிபியில வைச்சு, பிஸ்ரன் மேல வர ஒரு பொட்டு முதல் பல்ப் எரியத் தொடங்கிற இடம்தான் பொயின்ற் திறக்கிற இடம். சரியான டிகிரி மானுவலில இருக்கும். மண்ணெண்ணெயில ஓடினால் எஞ்சின் பெற்றோலை விடக் கெதியாத் தட்டும் (நொக்கிங்), அதால தட்டாம இருக்க டைமிங்கைப் பின்னுக்கு வைச்சு ஓடின வாகனம் ஒண்டு உங்கட கைக்கு வந்திருந்தால், இப்ப தனிப் பெற்றோலில ஓடேக்க திரும்ப மானுவல் அளவுக்கு வையுங்கோ.

எடுத்தாப் பிறகு உடன ஓடிப் போகாதேங்கோ. பத்து நிமிசம் நிண்ட இடத்தில ஓட விட்டு, கழட்டின நட் எல்லாத்தையும் திரும்ப இறுக்கிப் பாருங்கோ, பற்றரியில இருந்து எஸ்டபிள்யூவுக்கு நேர கொழுவின வயர் இருந்தால் அதைக் கழட்டிப் போட்டுச் சுவிச்சைத் திருத்துங்கோ, அதோட ஓடினால் ஏதும் அவசரத்தில திறப்பால எஞ்சினை நிப்பாட்ட ஏலாது.